ஒரே பருப்புக்கு மூன்று பெயர்: சிங்கப்பூர், ஜொகூர், சென்னைக்கு எந்த மென்பொருள் ஏற்பாடு சரிப்படும்?

கிடங்கில் இருப்பது ஒரே சிவப்புப் பருப்பு. சிங்கப்பூர்க் கணக்கில் அதன் பெயர் 'மைசூர் டால் 5 கிலோ'. சென்னையில் 'மசூர் பருப்பு எக்ஸ்போர்ட் 5'. ஜொகூர் பாருக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா 'டால் மேரா' என்று பதிந்து வைத்திருந்தார். மலாயில் மேரா என்றால் சிவப்பு. லாரிக்காரருக்கும் புரிய வேண்டுமே. மூன்று பேரும் அவரவர் இடத்தில் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு அளவு மீறியிருந்ததால், அதைத் திரும்பப் பெறும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது. அது எங்கள் சரக்கில்லை. ஆனாலும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்கு நம்ம பருப்புக்கு இப்படி ஒண்ணு வந்தா, அந்த பேட்ச் மூட்டை எங்கெங்க போயிருக்குன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்?" இரண்டு மணி நேரம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். செய்து பார்க்கச் சொன்னார். ஒன்றரை நாள் ஆனது. அதிலும் பதினோரு மூட்டைக்குக் கடைசிவரை விலாசம் கிடைக்கவில்லை.

எங்களுடையது நடுத்தர மளிகை இறக்குமதி வியாபாரம். சிங்கப்பூர் ஊபியில் தலைமை அலுவலகம், ஜொகூரில் கிடங்கோடு ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (மலேசியாவின் பிரைவேட் லிமிடெட்), சென்னையில் கொள்முதலுக்கும் உள்ளூர் விற்பனைக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட். முதலாளி ஒருவர்தான், சட்டப்படி மூன்று நிறுவனம். பிரிண்டரில் தாள் சிக்குவதிலிருந்து சர்வர் வரை மூன்றுக்கும் நான்தான் ஐடி. அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு வருடத்துக்குள் மூன்று விதமான ஏற்பாடுகளில் குடியிருந்து பார்த்துவிட்டோம். ஏறக்குறைய இதே அளவில், இதே மூன்று ஊர்களில் கடை விரித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாற்பது நாடுகளில் கிளை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

சொந்தமாகவே ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: எழுதிக் கொடுத்த பையன் வேறு வேலைக்குப் போன மறுமாதம் வரிச் சட்டம் மாறும். வேண்டாம்.

நாட்டுக்கு ஒரு மென்பொருள்

நாங்கள் ஆரம்பித்தது இப்படித்தான். பெரும்பாலோர் ஆரம்பிப்பதும் இப்படித்தான். சென்னையில் டேலி, ஜொகூரில் மலேசியாக்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் உள்ளூர்க் கணக்கு மென்பொருள், சிங்கப்பூரில் மாதச் சந்தாவில் ஒரு கிளவுட் கணக்கு. மாதக் கடைசியில் மூன்றையும் எக்ஸெல்லில் ஒட்டுவோம்.

இதை மட்டமாகப் பேசுவது ஐடிக்காரர்களுக்கு வழக்கம். நானும் பேசியவன். ஆனால் இதன் பலம் எங்கே இருக்கிறதென்று வரிச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும். இந்தியாவில் 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமானது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து, எங்கள் சென்னை நிறுவனத்தையும் பிடித்தது. மலேசியாவில் 2018 ஜூனில் ஜிஎஸ்டி பூஜ்யமாகி, செப்டம்பரில் எஸ்எஸ்டி எனும் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. ஒரு நாட்டின் மறைமுக வரி முறையே மூன்று மாதத்தில் மாறிப்போனது. அப்புறம் 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து 'மைஇன்வாய்ஸ்' மின் விலைப்பட்டியல் தொடங்கி, 2025 ஜூலை 1இல் 50 லட்சம் முதல் இரண்டரைக் கோடி ரிங்கிட் வரை விற்கும் எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2023இல் 7 விழுக்காட்டிலிருந்து 8, 2024இல் 9.

இத்தனை மாற்றத்திலும் சென்னைக் கணக்காளர் அம்மா எனக்குப் போன் செய்ததே இல்லை. மென்பொருளின் புதுப் பதிப்பு வரும், ஏற்றிக்கொள்வார், பில் போடுவார். உள்ளூர் மென்பொருள்காரருக்கு அந்த வரியைப் பின்தொடர்வதுதான் பிழைப்பு. கணக்கு, கொள்முதல், கையிருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் பெரிய மென்பொருளை, அதாவது இஆர்பியை, உலகம் முழுக்க விற்பவருக்கு அது நூறு நாடுகளில் ஒரு நாடு.

பலவீனம், எக்ஸெல்லில் ஒட்டும் நாளன்று தெரியும். சென்னையில் 28ஆம் தேதி கண்டெய்னர் ஏறிவிட்டால் சென்னைக் கையிருப்பிலிருந்து அது கழிந்துவிடும். கப்பல் இங்கே வந்து சரக்கு இறங்கும்வரை சிங்கப்பூர்க் கையிருப்பில் ஏறாது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கடலில் மிதக்கும் சரக்கு எந்த எக்ஸெல்லிலும் இருக்காது. ஒருமுறை இதற்கு நேர்மாறாக இரண்டு பக்கமும் ஏறி, தீபாவளிக்குப் போதுமான அரிசி இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் லிட்டில் இந்தியா தேக்காவில் நாங்களே இன்னொரு மொத்த வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்கு வாங்கி, எங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தோம். அந்த பில்லை முதலாளி இன்னும் மேசை லாச்சியில் வைத்திருக்கிறார்.

செலவு என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. சிங்கப்பூரில், சிறு நிறுவனங்கள் மென்பொருள் வாங்க அரசு தரும் பிஎஸ்ஜி மானியமும் பாதிவரை கிடைக்கும், தகுதி இருந்தால். அந்த மானியம் சிங்கப்பூரில் பயன்படுத்தும் மென்பொருளுக்கு மட்டும் என்பதால், நாட்டுக்கு ஒன்று என்ற ஏற்பாட்டில் அது சிக்கலில்லாமல் பொருந்திவிடும். மூன்று நாட்டுக்கும் சேர்த்து வாங்கும்போது கணக்கைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஜொகூரில் மென்பொருளை நிறுவிக் கொடுத்த ஆள், அட்மின் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வருடப் பராமரிப்புக் கட்டணத்தில் தகராறு வந்தபோதுதான் அது எங்களுக்கே தெரிந்தது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் நின்று, கடைக்கு நேரில் போய், தேத்தாரே குடித்துப் பேசித் தீர்த்தேன். மூன்று மென்பொருள் என்றால் மூன்று பேருடைய தயவு.

எல்லாவற்றுக்கும் ஒரே இஆர்பி

ஒன்றரை நாள் தேடலுக்குப் பிறகு முதலாளி இதற்குச் சம்மதித்தார். சந்தையில் எஸ்ஏபி பிசினஸ் ஒன், நெட்சூட், ஓடூ என்று பல இருக்கின்றன. எது வாங்கினோம் என்பது இங்கே முக்கியமில்லை, நான் சொல்லப்போகும் சங்கடங்கள் எதிலும் வரும். 2025 ஜனவரியில் சிங்கப்பூரும் சென்னையும் ஏறின. ஜொகூர் ஜூலையில் ஏறுவதாகத் திட்டம்.

முதல் மாதம் சொர்க்கம். கடலில் மிதக்கும் சரக்குக்குத் தனிக் கிடங்கு ஒன்றைத் திரையில் உருவாக்கினோம், 'வழியில்' என்று பெயர். சென்னையில் ஏற்றியவுடன் அதில் விழும், இங்கே இறங்கியவுடன் அதிலிருந்து எடுபடும். முதலாளி காலையில் காப்பி ஆறும்வரை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சங்கடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. கோயம்புத்தூர் வியாபாரிக்குப் போட வேண்டிய பில்லை, அதே கடைப் பெயர் கொண்ட ஈரோட்டுக்காரர் பெயரில் சென்னையில் போட்டுவிட்டார்கள். இந்தியாவில் மின் விலைப்பட்டியலை அரசுத் தளத்தில் பதிந்து, 64 எழுத்து நீளமுள்ள ஐஆர்என் எண்ணும் கியூஆர் கோடும் வாங்கிய பிறகுதான் அது செல்லுபடியாகும். தப்பாகப் போட்டால் 24 மணி நேரத்துக்குள் தளத்திலேயே ரத்து செய்யலாம். அதைத் தாண்டினால் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். ரத்து செய்யும் அதிகாரத்தை நான் சிங்கப்பூரில் ஒருவர் கையில் மட்டும் கொடுத்திருந்தேன். கட்டுப்பாடு வேண்டுமே என்று, எனக்கு அப்போது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்ட முடிவு. சென்னைக்குச் சனிக்கிழமை வேலை நாள். எங்களுக்கு விடுமுறை. அந்த அம்மா காலையிலிருந்து மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். திங்கட்கிழமை நான் திறந்து பார்த்தபோது கடைசி மின்னஞ்சலில், "சார், டைம் முடிஞ்சிடுச்சு" என்று மட்டும் இருந்தது.

மலேசியாவில் இதே காரியத்துக்கு 72 மணி நேரம் அவகாசம். சிங்கப்பூரில் அரசிடம் முன்கூட்டிப் பதிந்து எண் வாங்கும் முறையே கிடையாது. இன்வாய்ஸ்நவ் என்பது பெப்பால் வலைப்பின்னல் வழியாக விற்பவர் மென்பொருளிலிருந்து வாங்குபவர் மென்பொருளுக்கு பில் நேராகப் போய்ச் சேரும் ஏற்பாடு. அதிலும் வரித்துறைக்குத் தகவல் அனுப்பும் கட்டாயம் 2025 நவம்பரிலிருந்துதான், அதுவும் விருப்பப் பதிவு செய்யும் புது நிறுவனங்களிலிருந்து தொடங்கியிருக்கிறது. ஆக, ஒரே திரையில் ஒரே 'ரத்து' பொத்தான். அதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு கடிகாரம். இஆர்பி விற்க வந்தவர் காட்டிய படங்களில் அந்தப் பொத்தான் மட்டும்தான் இருந்தது.

கடிகாரம் என்றதும் இன்னொன்று. இரவு 9 மணிக்கு அன்றைய கணக்கைப் பூட்டுகிற மாதிரி வைத்திருந்தோம். சென்னையில் அப்போது மாலை ஆறரை. லாரி ஏற்றும் நேரம். ஜொகூர் எங்கள் நேரம்தான், ஆனால் 2025 பிறக்கும்வரை அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பிறகுதான் சனி, ஞாயிறுக்கு மாறியது. அதற்கு முன் யாராவது மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு பராமரிப்பு நேரம் கண்டுபிடித்திருந்தால் அவருக்கு நான் சாப்பாடு வாங்கித் தருகிறேன்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. இந்திய கம்பெனிகள் கணக்குப் புத்தகத்தை மின்வடிவில் வைத்திருந்தால், அதன் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டது. 2023 ஏப்ரலிலிருந்து, பதிவில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்கும் மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். சிங்கப்பூர் கிளவுடில் மட்டும் வைத்துவிட்டு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் சென்னை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் இல்லை. மும்பையில் தனியாக ஒரு பேக்கப் வாடகைக்கு எடுத்தோம்.

எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு, டிபிஎஸ்ஸும் சிட்டிபேங்க்கும் படுத்துவிட்டன. கையில் ரொக்கம் இல்லாமல் தேக்காவில் காய்கறிப் பையை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்தேன். வங்கிக்கே அந்த நிலை என்றால், எங்கள் இஆர்பி ஒரு மதியம் நின்றால் மூன்று நாட்டிலும் பில் நிற்கும்.

விலை: ஆள் கணக்கில் மாதச் சந்தா, அமெரிக்க டாலரில். மாதம் நான்கு பில் பார்க்கும் சென்னைக் கிடங்குப் பையனுக்கும் இங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே கட்டணம். சிங்கப்பூர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை, சென்னைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் உறுத்தும்.

ஜூலை நெருங்கியது. மைஇன்வாய்ஸ் இணைப்பை இஆர்பியில் எழுதித் தர விற்பனையாளர் ஒரு தொகை சொன்னார். ஜொகூர் மென்பொருள்காரரோ புதுப் பதிப்பில் அதை ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தார். இதில் ஒரு சிடுக்கும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வாங்கும் மலேசிய நிறுவனம், விற்றவர் சார்பில் தானே ஒரு சுய விலைப்பட்டியல் போட வேண்டும். சென்னை, ஜொகூருக்கு அனுப்பும் ஒரே மூட்டைக்கு இந்தியாவில் ஐஆர்என் ஒன்று, மலேசியாவில் சுய பில் ஒன்று. "அக்கா, ஜூலையிலேருந்து புது சிஸ்டத்துல போடலாம்," என்றேன். "இதுலயே பச்சை வருது தம்பி, எதுக்கு மாத்தணும்?" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். வரி வாரியம் ஏற்றுக்கொண்டதற்கான பச்சைக் குறி. எனக்குப் பதில் வரவில்லை.

கலவை

இப்போது இருப்பது இதில்தான். எனக்குப் பிடித்ததும் இதுதான், அது தரும் தலைவலியோடு சேர்த்தே.

பில்லும் வரியும் உள்ளூர் மென்பொருளில். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், மொத்தக் கையிருப்பு ஆகிய மூன்றும் சிங்கப்பூர் இஆர்பியில். புதுப் பொருள் எதையும் ஜொகூரோ சென்னையோ தாங்களாக உருவாக்க முடியாது. இங்கே எண் போட்டுக் கீழே அனுப்புவோம். பெயரை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், எண் மட்டும் ஒன்று. ராத்திரி பதினொன்றரைக்கு, சென்னை ஒன்பது மணிக்கு, அன்றைய விற்பனை ஒரு சிஎஸ்வி கோப்பாக மேலே வரும். பில்லை ரத்து செய்யும் அதிகாரம் சென்னை அம்மா கையில். எனக்கு அதன் நகல் மட்டும்.

இஆர்பி சந்தாவில் ஆள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மேலே உள்ளது நின்றாலும் கீழே பில் நிற்காது. வரி மாறினால் உள்ளூர்க்காரர் பார்த்துக்கொள்வார். சென்னைக் கணக்குப் புத்தகமும் அதன் பேக்கப்பும் இந்தியாவுக்குள்ளேயே இருக்கின்றன, ஆடிட்டர் இப்போது என்னிடம் நன்றாகப் பேசுகிறார்.

தலைவலி அந்த சிஎஸ்வி. போன வருடக் கடைசியில் ஜொகூரில் யாரோ ஒரு பொருளின் பெயரை 'டால் மேரா, உடைத்தது' என்று திருத்தினார்கள். பெயருக்கு நடுவே ஒரு காற்புள்ளி. சிஎஸ்வியில் காற்புள்ளிதான் வேலி. ஆக, அந்த வரியில் ஒரு கட்டம் கூடிப்போய், அளவு இருக்க வேண்டிய இடத்தில் 'உடைத்தது' என்ற சொல் போய் உட்கார்ந்தது. கோப்பைப் படிக்கும் நிரல் அந்த வரியில் நின்றுவிட்டது, நின்றதை யாருக்கும் சொல்லவும் இல்லை. மூன்று நாள் ஜொகூரின் கையிருப்பு பழைய கணக்கிலேயே இருந்தது. இங்கே விற்பனைப் பிரிவில் ஒருவர் அதை நம்பி, இல்லாத நாற்பது மூட்டையைப் பெருநாள் சந்தைக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் கோப்பு வந்ததா, வரிகளின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றா என்று தினமும் காலை ஏழரைக்கு என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. வராவிட்டால்தான் பயம். கலவைக்குப் போகிறவர்கள் மென்பொருள் விலையோடு இந்தக் காவல் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அதைப் பார்க்க ஆள் இல்லையென்றால், நேர்மையாகச் சொல்கிறேன், எக்ஸெல்லிலேயே இருந்துவிடலாம். எக்ஸெல் தப்பினால் மாதம் ஒருமுறை தப்பும்.

தகவல் கசிவு விஷயத்தில் மூன்று ஏற்பாட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, வித்தியாசம் நாட்டுக்கு நாடுதான். சிங்கப்பூரில் 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தனிநபர் தரவு கசிந்தால், அறிவிக்க வேண்டியது என்று தெரிந்த மூன்று நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கேட்பது ஆறு மணி நேரம், தெரிந்ததிலிருந்து. சென்னைக் கணினியில் ஏதோ புகுந்துவிட்டது என்று நான் காலை எட்டு மணிக்குக் கேள்விப்பட்டால், அங்கே இன்னும் ஐந்தரைதான். கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்கும், அலுவலகத்தில் ஆள் இருக்காது. அதனால் சென்னையில் யார் அறிவிப்பார் என்று பெயரோடு எழுதி, சர்வர் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இனி, யாருக்கு எது. இரண்டு நாடு, பத்துப் பேருக்குள், ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு அதிகம் நகராது என்றால் நாட்டுக்கு ஒன்று போதும், பொருள் எண்ணை மட்டும் இன்றே ஒன்றாக்குங்கள். சேவைத் தொழில், கிடங்கே கிடையாது, எல்லாருமே ஒரே மாதிரி வேலை பார்க்கிறவர்கள் என்றால் ஒரே இஆர்பி நன்றாகவே ஓடும். என் நண்பர் ஒருவரின் வடிவமைப்பு நிறுவனத்தில் ஓடுகிறது. எங்களை மாதிரி மூட்டை கடல் தாண்டுகிற வியாபாரத்துக்குத்தான் கலவை.

போன மாதம் முதலாளி அதே சோதனையை மறுபடி வைத்தார், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். பேட்ச் எண்ணைச் சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். திரையில் பட்டியல் வர நான்கு நிமிடம். பிறகு, பிரித்துச் சில்லறையாக விற்ற மூட்டைகளுக்காக ஜொகூருக்குப் போன் போட்டேன். அக்கா நோட்டைப் புரட்டிப் படிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பதினோரு மூட்டை இந்த முறை இரண்டாகக் குறைந்திருந்தது. அந்த இரண்டும் கோயில் அன்னதானத்துக்குப் போனவை, பில் இல்லாமல். முதலாளி எதுவும் சொல்லவில்லை. கொடுத்ததே அவர்தான்.